பதற்றம் புற்றுநோயை வளர்க்குமா?

"வயது 47. மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை முடிந்து டமாக்சிஃபென் சாப்பிட்டு வருகிறேன். சிறு வயதிலிருந்தே வீசிங் உண்டு. பதறினால் சுரக்கும் அட்ரினலின், புற்றுசெல்லின் பீட்டா ரிசெப்டரில் (ஹார்மோன் வந்து ஒட்டும் இடமாம்) ஒட்டி அதை வளர்க்கும் என்று படித்தேன். நான் எதற்கும் பதறுகிறவள். அந்த ரிசெப்டரை அடைக்குமாம் என்று கொழுந்தனாரின் ப்ரோப்ரனோலால் மாத்திரையைப் பத்து நாளாகச் சாப்பிடுகிறேன். அந்த ரிசெப்டரைத் தூண்டுமாமே என்று இன்ஹேலரை விட்டுவிட்டேன். வாழைப்பழத்தில் இருக்கும் செரட்டோனின் என்ற ரசாயனத்துக்குப் பயந்து அதையும் தொடுவதில்லை. தொடரலாமா?"
- வாசகி, அல்சூர், பெங்களூரு

முதலில் ப்ரோப்ரனோலாலை நிறுத்துங்கள். இன்ஹேலரை மறுபடி கையில் எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் மூச்சுக்குழாய்த் தசையிலும் இருப்பது அதே பீட்டா-2 ரிசெப்டர்தான். இன்ஹேலரில் உள்ள சால்ப்யூட்டமால் அதைத் தூண்டிக் குழாயை விரிக்கிறது. ப்ரோப்ரனோலால் அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது, குழாய் சுருங்குகிறது. அந்த நேரத்தில் இன்ஹேலர் அடித்தாலும் சரியாக வேலை செய்யாது. வீசிங் உள்ளவருக்கு இந்த மாத்திரையைத் தூக்கிக் கொடுக்க கொழுந்தனார் என்ன டாக்டரா? (அவர் இதைப் படித்துவிட்டுத் தன் மாத்திரையைச் சட்டென நிறுத்திவிடக் கூடாது. அவர் கணக்கு வேறு.)

நிறுத்திய பிறகும் ஓரிரு நாள் கவனம் வேண்டும். இன்ஹேலர் அடித்தும் இழுப்பு அடங்கவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல மூச்சு போதவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். போனதும் ப்ரோப்ரனோலால் சாப்பிட்டதைச் சொல்லுங்கள். அதற்கேற்ப வேறு மருந்தும் சேர்ப்பார்கள்.

சரி, உங்களை உண்மையில் அரிப்பது வேறு: என் பதற்றமே நோயைத் திரும்பக் கொண்டுவந்துவிடுமா? நீங்கள் படித்தது முழுப் பொய் இல்லை. மார்பகப் புற்றுசெல்களில் அந்த ரிசெப்டர் உண்டு. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், அசைய இடமில்லாமல் அடைத்துவைத்த எலிகளுக்குப் புற்று அதிகம் பரவியது; ப்ரோப்ரனோலால் அதைத் தடுத்தது. கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ரத்தக்குழாய்க் கட்டி இதே மாத்திரையில் சுருங்குவதும் 2008 முதல் தெரிந்ததுதான், ஆனால் அது புற்றுநோயே அல்ல. மார்பகப் புற்று திரும்பாமலிருக்க இதைக் கொடுக்கலாம் என்று சொல்ல மனிதர்களிடம் போதிய ஆதாரம் இன்னும் இல்லை. எலியை அடைத்துவைப்பதும், நீங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டை நினைத்துத் தூங்காமல் புரள்வதும் ஒன்றல்ல. பதறியதால்தான் வந்தது என்று எந்த நோயாளியிடமும் நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

உங்கள் நோய்க்கு முக்கியமான ரிசெப்டர் எது என்று பயாப்சி ரிப்போர்ட்டிலேயே இருக்கும்: ஈஆர் பாசிட்டிவ். ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஒட்டும் ரிசெப்டர். டமாக்சிஃபென் அடைப்பது அதைத்தான். அந்த மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

வாழைப்பழமா? தாராளமாக. உடம்பில் உள்ள செரட்டோனினில் ஏறக்குறைய 90 சதவீதத்தைக் குடலே தயாரித்துக்கொள்கிறது. ரெண்டு ஏலக்கிப் பழத்தால் எதுவும் கூடிவிடாது.

பதற்றத்தையும் தூக்கமின்மையையும் அடுத்த ரிவ்யூவில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாத்திரை தேவைப்பட்டால், எழுதித் தருபவரிடம் டமாக்சிஃபென் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். பதற்றத்துக்குக் கொடுக்கப்படும் பராக்ஸெட்டின், ஃப்ளூயாக்ஸெட்டின் இரண்டும் டமாக்சிஃபென்னைக் கல்லீரலில் வீரியமுள்ள மருந்தாக மாறவிடாமல் தடுப்பவை. அவை இல்லாமல் வேறு மாத்திரைகள் இருக்கின்றன.