லண்டன் காரில் பாரிஸ் போகிறேன்: கமரா அடித்தால் கடிதம் வருமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் இருக்கிறோம். ஆகஸ்ட் கடைசியில் பாரிஸ் மாணிக்க விநாயகர் கோவில் தேருக்கு எங்கள் காரிலேயே போக யோசனை. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். 'பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் நம்பர் பிளேட்டை பிரான்ஸ் கமராவால் ஒன்றும் செய்ய ஏலாது, பயப்படாமல் மிதி' என்கிறார் மச்சான். உண்மையா? எனக்கு ரோட்டின் வலப்பக்கம் ஓடிப் பழக்கமில்லை. பாரிஸை ஒட்டிய லா கூர்நெவ்வில் இருக்கும் அக்காவின் மகன், பாரிஸுக்குள் தான் காரை ஓடித் தருவதாகச் சொல்கிறான். அதில் ஏதும் பிரச்சினை உண்டா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்: மச்சான் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை நம்பிப் போகிறவர்கள்தான் மீதிப் பாதியில் மாட்டுகிறார்கள்.

முதலில் சரியான பாதி. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ஒன்றின் வாகனப் பதிவேட்டை மற்றது பார்க்க வழிசெய்யும் சட்டம் ஒன்று இருக்கிறது. பிரிட்டன் அதில் 2017 மே மாதம் சேர்ந்தது. அதற்குப் பிறகு பிரான்ஸில் கமரா அடித்தால் ரென் நகரில் உள்ள அவர்களுடைய அபராத நிலையம் நம்பரை வைத்து பிரிட்டனின் வாகனப் பதிவு நிலையமான டிவிஎல்ஏயிடம் உரிமையாளர் விலாசத்தை எடுத்துவிடும். கடிதம் ஹரோவுக்கே வரும். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் அந்த ஏற்பாட்டில் இல்லை. தானாக விலாசம் எடுக்கும் அந்த வழி அடைபட்டுவிட்டது. அதனால் உங்கள் பெயரில் பதிவான சொந்தக் காரை ரோட்டோரக் கமரா படம் பிடித்தால் வழக்கமாகக் கடிதம் வருவதில்லை. பிரெஞ்சுக்காரர்களின் புள்ளி முறையும் உங்கள் பிரிட்டிஷ் லைசென்ஸைத் தொடாது.

இது உங்கள் பிளேட்டுக்கு மட்டும்தான். தேருக்கு ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க்கிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் மச்சானின் ஆலோசனையைச் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்குக் கடிதம் வீடு தேடி வரும். சுவிஸ் ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் பிரான்ஸோடு தனியாக ஒப்பந்தம் வைத்திருக்கிறது, அங்கேயும் வரும். நீங்களே கலேயில் இறங்கி வாடகைக் கார் எடுத்தாலும் தப்ப முடியாது. அபராத நிலையம் கேட்டதும் வாடகை நிறுவனம் உங்கள் பெயரைக் கொடுத்துவிடும். அப்படிக் கொடுத்ததற்கு உங்கள் அட்டையிலிருந்தே ஒரு தொகை எடுக்கும், அபராதம் அப்புறம் தனியாக வரும்.

இன்னொன்று: பயணம் முடிந்து வந்தபின் 'உங்கள் பிரான்ஸ் அபராதம் கட்டப்படவில்லை, இந்த லிங்க்கை அழுத்துங்கள்' என்று எஸ்எம்எஸ் வந்தால் அழுத்தாதீர்கள். உண்மையான பிரெஞ்சு அரசுத் தளங்களின் முகவரி 'கூவ் புள்ளி எஃப்ஆர்' (gouv.fr) என்று முடியும். போலிகள் அந்தச் சொல்லைப் பெயரின் நடுவில் செருகிவிட்டு முடிவில் வேறெதையாவது வைத்திருப்பார்கள்.

சரி, மீதிப் பாதிக்கு வருவோம். கம்பத்தில் நிற்கிற கமராவுக்கு விலாசம் வேண்டும். ரோட்டில் நிற்கிற பொலிஸுக்கு விலாசமே தேவையில்லை, நீங்கள்தான் கையில் இருக்கிறீர்களே. நெடுஞ்சாலைப் பாலத்தின் மேலோ, ஓய்விடத்தின் வாசலிலோ ஒருவர் லேசர் கருவியோடு நிற்பார். நம்பரை ரேடியோவில் சொல்வார். சில கிலோமீட்டர் தள்ளி, டோல் வாசலில் எல்லோரும் எப்படியும் வேகத்தைக் குறைக்கும் இடத்தில், சக அதிகாரி உங்களை ஓரங்கட்டச் சொல்வார். கலேயை ஒட்டிய ஏ16, ஏ26 சாலைகளில் பிரிட்டிஷ் கார்கள் இப்படி அகப்படுவது வழக்கமான காட்சி. திரும்பி வரும்போது காரை ஏற்றிவரும் ஷட்டில் ரயிலைத் தவறவிடக் கூடாதென்று மிதிப்பவர்கள்தான் பெரும்பாலும்.

பிரான்ஸில் விலாசம் இல்லாதவரிடம் 'பிறகு அனுப்புங்கள்' என்று விடமாட்டார்கள், அங்கேயே கட்ட வேண்டும். வேக எல்லை 50 கி.மீ.க்கு மேல் உள்ள சாலையில் 20 கி.மீ.க்குக் குறைவாகத் தாண்டியிருந்தால் அபராதம் 68 யூரோ, உடனே கட்டினால் 45. எல்லை 50 அல்லது அதற்குக் கீழ் உள்ள ஊர்ச் சாலையில் அதே தவறுக்கு 135, உடனே கட்டினால் 90. இருபதிலிருந்து ஐம்பதுக்குள் தாண்டினால் எந்தச் சாலையானாலும் இதே 135தான். கட்ட வழியில்லை என்றால் காரை நிறுத்திவைப்பார்கள். பணமோ அட்டையோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யூரோ கை மாற வேண்டாம்.

நாற்பதோ அதற்கு மேலோ தாண்டிப் பிடிபட்டால் கதை வேறு. லைசென்ஸை அந்த இடத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். மனைவிக்கு லைசென்ஸும் காப்புறுதியும் இருந்தால் அவர் ஓடலாம். இல்லையென்றால் கார் அங்கே, நீங்களும் பிள்ளைகளும் சாலையோரத்தில். ஐம்பதோ அதற்கு மேலோ என்றால், 2025 டிசம்பர் 29 முதல் அது வெறும் போக்குவரத்து மீறல் அல்ல, குற்றவியல் வழக்கு. மூன்று மாதம் வரை சிறை, 3,750 யூரோ வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. வேக எல்லை 130 உள்ள சாலையில் 180 என்பது மணிக்கு 112 மைல்; இரவில் வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் நல்ல காரில் இது எட்டாத வேகம் இல்லை.

இங்கேதான் உங்கள் காரின் வேகமானியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பழைய மாதிரி முள் மீட்டர் என்றால் பெரிய எழுத்தில் இருப்பது மைல். கிலோமீட்டர் உள்வட்டத்தில் பொடி எழுத்தில், இரவில் சரியாகத் தெரியாத மாதிரி இருக்கும். டிஜிட்டல் என்றால் மெனுவுக்குள் போய்க் கிலோமீட்டருக்கு மாற்றலாம். அதைக் கலேயில் இறங்கி வரிசையில் ஓடிக்கொண்டே தேடாமல் ஹரோவில் வீட்டு வாசலிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். மாற்ற முடியாத கார் என்றால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்: 130 என்றால் 80 மைல், 110 என்றால் 68, 80 என்றால் 50, 50 என்றால் 31, 30 என்றால் 18.

நெடுஞ்சாலையில் 130 என்பது காய்ந்த ரோட்டுக்கு. மழை பெய்தால் தனிப் பலகை எதுவும் இல்லாமலே 110 ஆகிவிடும், மூடுபனியில் 50 மீட்டர் தூரம்கூடத் தெரியாவிட்டால் 50. ஊருக்கு வெளியே நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் 2018 ஜூலையிலிருந்து 80. சில மாவட்டங்கள் சில சாலைகளை மறுபடி 90 ஆக்கியிருக்கின்றன, பலகையைப் பாருங்கள். ஊரின் பெயர்ப்பலகையைத் தாண்டிய நொடியில் 50. அங்கே '50' என்று தனியாக எழுதியிருக்க வேண்டியதில்லை, ஊர்ப் பெயரே அதற்கு அறிவிப்பு. ஊர் முடியும் இடத்தில் அதே பெயரைக் குறுக்கே கோடடித்து வைத்திருப்பார்கள். இந்தப் பெயர்ப்பலகை விஷயம் நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. பாரிஸ் நகருக்குள் பெரும்பாலான தெருக்களில் 2021 ஆகஸ்டிலிருந்து 30. நகரைச் சுற்றும் பெரிபெரிக் சாலையில் முன்பு 70 இருந்தது, 2024 அக்டோபரிலிருந்து 50. அந்தச் சாலையின் இடது ஓர வரிசைக்கு மேல் வெள்ளை வைர வடிவம் எரிந்தால், இரண்டு பேராவது இருக்கும் கார்தான் அதில் போகலாம். குடும்பமாகப் போகும் உங்களுக்கு அது பிரச்சினையில்லை.

கமராக்கள் பல தினுசு. சாம்பல் நிறப் பெட்டிகள் பழையவை. உயரக் கம்பத்தின் உச்சியில் கறுப்புத் தலையோடு நிற்பவை புதியவை. சாலை வேலை நடக்கும் இடங்களில் ட்ரெய்லர் போல இழுத்துவந்து வைப்பவை உண்டு. இரண்டு இடங்களுக்கு இடையே சராசரி வேகத்தைக் கணக்கிடுபவையும் உண்டு; அவற்றின் முன்னால் மட்டும் பிரேக் பிடித்துப் பயனில்லை. அடையாளமே இல்லாத சாதாரணக் கார்களுக்குள்ளும் கமரா ஓடுகிறது. நிலையான கமராவில் 100 கி.மீ. வரை 5 கி.மீ.யும், அதற்கு மேல் 5 சதவீதமும் கழித்துத்தான் கணக்கு. அதாவது 138 என்று அளந்தால் 131 என்று எழுதும், 131க்கும் அபராதம் உண்டு.

இப்போது நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று. பிரிட்டனில் ரோட் ஏஞ்சல் மாதிரி கமரா எச்சரிக்கைக் கருவி வைத்திருப்பது குற்றமில்லை. பிரான்ஸில், கமரா இருக்கும் சரியான இடத்தைக் காட்டும் எதுவும் 2012 ஜனவரியிலிருந்து தடை. அணைத்துக் கைப்பெட்டிக்குள் போட்டிருந்தாலும் வைத்திருப்பதே குற்றம். 1,500 யூரோ வரை அபராதம், கருவியும் போய்விடும். அதை வீட்டில் விட்டுப் போங்கள். சாட்நாவில் கமரா எச்சரிக்கை வசதியை ஷட்டிலில் ஏறும் முன்பே அணையுங்கள். வேஸ் போன்ற செயலிகள் பிரான்ஸுக்குள் நுழைந்ததும் கமரா என்று சொல்லாமல் 'அபாயப் பகுதி' என்று ஒரு நீளத்தை மட்டும் காட்டும், அது சட்டப்படி சரி. விபத்தைப் பதிவு செய்யும் டாஷ்கேமுக்கும் தடையில்லை.

அடுத்து, அக்காவின் மகன். உங்கள் கேள்வியிலேயே ஆபத்தான பகுதி இதுதான் என்று சொல்வேன். ஒன்றியத்துக்குள் வரும் பிரிட்டிஷ் பதிவுக் கார் இப்போது சுங்கத்தின் பார்வையில் தற்காலிகமாக உள்ளே வந்த வெளிநாட்டுப் பொருள். வெளியே வசிக்கும் நீங்கள் அதை ஆறு மாதம் வரை வரியின்றி வைத்து ஓடலாம். உள்ளே வசிக்கும் ஒருவர் ஓடுவதென்றால், கார் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கேட்டுக்கொண்டதால் எப்போதாவது சொந்தத் தேவைக்கு ஓடலாம், ஆனால் அந்த நேரத்தில் அவரும் ஒன்றிய எல்லைக்குள் இருக்க வேண்டும். ஆகவே நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவன் ஓடினால் சுங்கச் சட்டம் தடுக்காது. 'மாமா, காரை விட்டுவிட்டு யூரோஸ்டாரில் போங்கள், நான் இரண்டு கிழமை வைத்திருந்துவிட்டுக் கொண்டுவருகிறேன்' என்றால் மட்டும் சம்மதிக்காதீர்கள். நீங்கள் எல்லை தாண்டிய பிறகு சுங்கம் அவனை நிறுத்தினால் இறக்குமதித் தீர்வை, அதற்கு மேல் 20 சதவீத டிவிஏ வரி, அபராதம் என்று போகும். காரைப் பிடித்துவைக்கவும் முடியும்.

சுங்கம் தடுக்காவிட்டாலும் காப்புறுதி தடுக்கும். அவனுடைய பெயர் உங்கள் பாலிசியில் சாரதியாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். பிரெஞ்சு லைசென்ஸ் வைத்திருக்கும் இளவயதுக்காரரைச் சேர்க்கச் சில நிறுவனங்கள் மறுக்கும், சில பெரிய தொகை கேட்கும். போன் செய்து கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் இதற்கெல்லாம் அவசியமே இல்லை. கலேயிலிருந்து ஏ26, ஏ1 வழியாக வந்தால் பாரிஸுக்குள் நுழையாமலே லா கூர்நெவ் வந்துவிடும். நெடுஞ்சாலையில் வலப்பக்கம் ஓடுவது நினைப்பதைவிடச் சுலபம். தடுமாற்றமெல்லாம் ரவுண்டபவுட்டிலும், பெட்ரோல் செட்டிலிருந்து வெளியே வரும் முதல் திருப்பத்திலும்தான். காரை அக்கா வீட்டில் விட்டுவிட்டு ஆர்இஆர் பி ரயிலில் ஏறினால் 'கார் து நோர்' ரயில் நிலையம், அங்கிருந்து கோவில் இருக்கும் லா சப்பல் நடை தூரம். தேர் நாளில் அந்தத் தெருக்களுக்குள் காரைக் கொண்டுபோய் நீங்கள் எங்கே நிறுத்துவீர்கள்?

கொண்டுபோக வேண்டியவை: கடவுச்சீட்டு, அட்டை லைசென்ஸ், வி5சி பதிவுப் புத்தகத்தின் மூலப் பிரதி, காப்புறுதிச் சான்று. கார் லீஸில் இருந்தால் வி5சி உங்களிடம் இருக்காது; லீஸ் நிறுவனத்திடம் விஇ103 என்ற சான்றிதழ் முன்கூட்டியே கேளுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி அட்டை லைசென்ஸ்காரருக்குத் தேவையில்லை, காப்புறுதிக்கான கிரீன் கார்டும் 2021 ஆகஸ்ட் முதல் தேவையில்லை. பழைய 'ஜிபி' ஸ்டிக்கர் 2021 செப்டம்பரோடு செல்லாமல் போனது, பின்னால் 'யூகே' ஸ்டிக்கர் ஒட்டுங்கள். நம்பர் பிளேட்டிலேயே யூகே என்று இருந்தால் பிரான்ஸுக்கு அது போதும். எச்சரிக்கை முக்கோணம் கட்டாயம். மின்னும் மேல்சட்டையும் கட்டாயம், அதை டிக்கியில் போடாமல் சீட்டுக்குக் கீழே வையுங்கள், ஏனென்றால் கார் நின்றுபோனால் இறங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் இருக்க மறைப்பு ஒட்டிகள் வேண்டும். மதுச் சோதனைக் குழாய் வாங்கச் சொல்லி ஷட்டில் கடையில் இன்னும் விற்பார்கள். அதைக் காரில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2020இலேயே நீக்கப்பட்டது. பிள்ளைகளில் யாராவது பத்து வயதுக்குக் கீழ் என்றால் முன் சீட்டு கிடையாது.

டோல் வாசலில் சீட்டு எடுக்கும் இயந்திரம் இடப்பக்கம் இருக்கும், அதனால் அந்த வேலை மனைவியுடையது. ரூவான் வழியாக ஏ13 சாலையில் சுற்றி வருவதாக இருந்தால் மட்டும் கவனம்: அங்கே இப்போது வாசலே கிடையாது. மேலே உள்ள கமரா நம்பரைப் படிக்கும். 72 மணி நேரத்துக்குள் நீங்களே அந்தச் சாலையை நடத்தும் சானெஃப் நிறுவனத்தின் தளத்தில் நம்பரைப் போட்டுக் கட்ட வேண்டும்.

காப்புறுதியில் கடைசியாக ஒன்று. எல்லா பிரிட்டிஷ் பாலிசியிலும் ஐரோப்பாவுக்கான குறைந்தபட்ச மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு இருக்கும்; உங்கள் சொந்தக் காருக்கான முழுப் பாதுகாப்பு எத்தனை நாளுக்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அக்காவின் மகனைப் பற்றிக் கேட்கப் போன் எடுக்கும்போதே அதையும் கேளுங்கள், ஐரோப்பிய விபத்து அறிக்கைப் படிவத்தை ஆங்கிலத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பிரான்ஸில் சின்ன உரசலுக்குக்கூட இரண்டு சாரதிகளும் அந்தப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திடுவார்கள். எதிரே வந்தவர் பிரெஞ்சுப் பிரதியை நீட்டினால், கட்டங்களின் எண்களும் வரிசையும் இரண்டிலும் ஒன்றுதான். உங்கள் ஆங்கிலப் பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, யார் எந்தக் கட்டத்தில் குறி போட்டார் என்று புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.