ஆக்சலாட்டல் தொட்டிக்கு வீட்டிலேயே குகை, பாறை செய்து வைக்கலாமா? இயற்கையாகத் தெரிய பெயின்ட் அடிக்கலாமா?

செய்யலாம். நானும் செய்து, கெடுத்து, மறுபடி செய்தவன்தான். ஆனால் மீன் தொட்டிக்குச் செய்வதுபோல நினைத்து இறங்கிவிடாதீர்கள். ஆக்சலாட்டல் மீன் இல்லை, தண்ணீரிலேயே வாழும் சாலமாண்டர் வகைப் பிராணி. அது இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை. வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். பக்கத்தில் கூழாங்கல் கிடந்தால் அதுவும் உள்ளே போய்க் குடலை அடைக்கும். அதனால் அதன் தலையைவிடச் சின்னக் கல் எதுவும் வேண்டாம். குட்டியாக இருக்கும்வரை தொட்டியின் அடி வெறும் கண்ணாடியாகவே இருக்கட்டும். வளர்ந்த பிறகு 1 மில்லிமீட்டருக்கும் குறைவான நைசான மணல் பரப்பலாம்.

முதலில் செய்ய வேண்டியது குகைதான். ஆக்சலாட்டலுக்குக் கண்ணிமை கிடையாது, வெளிச்சம் பிடிக்காது, ஒளிய இடம் கேட்கும். பளபளப்புப் பூச்சு இல்லாத மண் பூச்சட்டியைப் படுக்க வைத்தாலே போதும். ஆனால் சட்டியின் அடியில் இருக்கும் ஓட்டையைக் கவனியுங்கள். ஓட்டை என்றால் தலையே நுழையாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முழு உடம்பும் தாராளமாகப் போய்வர வேண்டும். நடுத்தரமாக இருந்தால் மாட்டிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது பிவிசி குழாய். 10 சென்டிமீட்டர் அகலக் குழாயில் ஒரு துண்டு வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, வெளிப்பக்கம் சிலிக்கான் பசை தடவி மணலில் உருட்டி எடுத்தால் பாறை மாதிரியே இருக்கும். மீன் தொட்டிக்கென்று விற்கும் சிலிக்கானைத்தான் வாங்க வேண்டும். குளியலறைக்கு விற்பதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். இரண்டு மூன்று நாள் காயவிட்டு, வினிகர் வாடை சுத்தமாகப் போன பிறகு கழுவுங்கள், சோப்பு மட்டும் வேண்டாம்.

சிமென்ட் பக்கம் போகாமல் இருந்திருக்கலாம் என்று இன்றும் நினைப்பேன். அழகாக ஒரு குகை வார்த்து, இரண்டு வாரம் காயவைத்துத் தொட்டியில் இறக்கினேன். மறுநாள் செவுள்கள் முன்பக்கமாக வளைந்து நின்றன. அது தவிப்பின் அடையாளம். சோதித்தால் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 9-ஐ நெருங்கியிருந்தது. 7.4 வாக்கில் இருந்த தண்ணீர் அது! உடனே வேறு தண்ணீருக்கு மாற்றிப் பிழைக்கவைத்தேன். அந்தக் குகையிலிருந்து சுண்ணாம்பு இறங்கி முடிய, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தும் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அன்றிலிருந்து என்ன செய்தாலும் ஒரு வாரம் வாளித் தண்ணீரில் போட்டு, முன்னும் பின்னும் பிஎச் பார்த்த பிறகுதான் தொட்டிக்குள் விடுகிறேன்.

வெளியில் எடுத்த கல்லைத் தேய்த்துக் கழுவி வெந்நீர் ஊற்றுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும். அடுக்கினால் சிலிக்கான் வைத்து ஒட்டிவிடுங்கள், இந்தப் பிராணி முட்டித் தள்ளிவிடும். மரக்கட்டை என்றால் பிசின் வடியும் பைன் வகை வேண்டாம். நன்றாகக் காய்ந்த கெட்டிக் கட்டையைப் பல நாள் ஊறவைத்துப் போடலாம். தண்ணீர் டீ நிறமானால் பயப்பட வேண்டாம். செடிக்கு ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ். இரண்டும் மங்கல் வெளிச்சத்திலும் 16–18 டிகிரித் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். பருத்தி நூலால் கல்லில் கட்டுங்கள், கம்பி வேண்டாம், அதுவும் செம்புக் கம்பி கூடவே கூடாது.

அப்புறம், செவுள்கள் வெளியே இறகுபோலத் தொங்குவதால் கூர்முனை எதுவும் இருக்கக்கூடாது. பழைய நைலான் சாக்ஸை எடுத்து, செய்த பொருள் முழுக்கத் தேய்த்துப் பாருங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே இன்னும் உப்புத்தாள் போட வேண்டும்.

பெயின்ட் கேட்டிருந்தீர்கள், வேண்டாம். நாளாக ஆகத் தண்ணீரில் உரியும். இரண்டு மாதம் பொறுங்கள், பாசியே வந்து பச்சை அடித்துவிடும்.