அம்மாவோடு மூன்று நாள் சென்னையில் எங்கே போகலாம்?

கேள்வி: நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அம்மா முதல் முறையாக ஊரிலிருந்து வந்து மூன்று நாள் என்னோடு இருக்கப் போகிறார். வயது அறுபதை நெருங்குகிறது, கொஞ்சம் முழங்கால் வலி உண்டு. மால், மகாபலிபுரம், வண்டலூர் என்று பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். வேறு எங்கே கூட்டிப் போகலாம்?

பதில்:

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அதில் இருப்பது உங்களுக்குத் தெரிந்த சென்னை. உங்கள் அம்மாவின் தலைக்குள் ஏற்கனவே ஒரு மெட்ராஸ் இருக்கும், பழைய சினிமாவிலும் ரேடியோவிலும், எப்போதோ இங்கே வந்துவிட்டுப் போன யாரோ ஒரு சித்தப்பா அளந்த கதைகளிலும் சேர்ந்த மெட்ராஸ். அதில் என்னென்ன இருக்கிறது என்று போனில் பேச்சுவாக்கில் கேட்டுவிடுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். என் அம்மா அம்பாசமுத்திரத்துக்காரி. நான் கேட்டபோது அவள் சொன்னது: எல்.ஐ.சி கட்டடம், எம்.ஜி.ஆர் சமாதி, மயிலாப்பூர் கோயில், அப்புறம் "நீ தங்கியிருக்க ரூமு". மால் பேச்சே வரவில்லை.

எல்.ஐ.சி எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. 1959-இல் அதைத் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான், இரண்டு வருஷத்தில் அந்தப் பெருமை போய்விட்டது, ஆனால் ஊரிலிருந்து ஒருத்தன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்டப் பழைய படங்களில் முதலில் சென்ட்ரல் ஸ்டேஷன், அடுத்து இது என்று காட்டிக் காட்டி நம் அம்மாக்கள் மனதில் பதிய வைத்துவிட்டார்கள். அண்ணா சாலையில் எதிர்ப் பக்க நடைபாதையில் நின்றுகொண்டு அம்மா ஒவ்வொரு மாடியாக எண்ணினாள். "இம்புட்டுதானா?" என்றாள், ஆனாலும் போட்டோ எடுக்கச் சொன்னாள், இரண்டு தடவை. மெட்ரோவில் எல்.ஐ.சி என்றே ஸ்டேஷன் இருக்கிறது, போகிற வழியில் முடித்துவிடலாம். நகரும் படிக்கட்டு என்றால் அம்மாவுக்குக் கால் வராது, உங்கள் அம்மாவும் அப்படி என்றால் லிஃப்ட் எங்கே என்று உள்ளே நுழைந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

காலையில் ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம், அதற்கு மேல் வேண்டாம். நடுவில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்து எழுந்திருக்கட்டும். பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை சென்னை வெயிலில் சுற்றுவதில் ஒரு பிரயோஜனமும் கிடையாது, கோயில்களும் மத்தியானத்தில் நடை சாத்தியிருக்கும். இன்னொரு விஷயம், யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதிவிடுகிறேன். வெளியே கிளம்பினால் நம் அம்மாக்கள் தண்ணீரே குடிப்பதில்லை. கழிவறை எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்ற பயம்தான் காரணம், அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள், சாயங்காலம் தலைவலி என்று மட்டும் சொல்வார்கள். அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் நீங்களே "நான் பாத்ரூம் போறேன், நீயும் வா" என்று கூட்டிப் போய்விடுங்கள். மெட்ரோ ஸ்டேஷன்கள் இதற்கும் உதவும்.

காலை நேரத்துக்கு என் முதல் சிபாரிசு எழும்பூர் அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை, இதைக் கவனிக்காமல் போய்க் கேட்டில் நிற்காதீர்கள். கல், எலும்புக்கூடு, பதப்படுத்திய விலங்கு என்று எல்லாம் இருக்கிறது, எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் முழங்கால் தாங்காது. நேராக வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்துக்குப் போய்விடுங்கள். திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரும் அங்கேதான் இருக்கிறார்கள். அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். காவலுக்கு இருந்தவர் போட்டுக்கொண்டே வரலாம்மா என்று சொல்லியும் கேட்கவில்லை. உள்ளே போய் நடராஜர் முன்னால் வெகு நேரம் நின்றுவிட்டு, கோயிலில் பட்டும் மாலையும் சார்த்தி முகம் மட்டும்தானே தெரியும், இடுப்பும் காலும் இப்படி வளைந்து நிற்கும் என்று இத்தனை வருஷமாகத் தெரியாதே என்றாள். அர்த்தநாரீஸ்வரரிடம் இன்னும் அதிக நேரம். ஒரு பக்கத் தோளுக்கும் மறு பக்கத் தோளுக்கும், ஒரு பக்க இடுப்புக்கும் மறு பக்க இடுப்புக்கும் இருக்கும் வித்தியாசத்தை அவளே விரல் நீட்டிக் காட்டினாள். எனக்கு அதுவரை அது வெறும் சிலைதான். சாமி கும்பிடுகிற அம்மா யாராக இருந்தாலும் இந்தக் கூடம் பிடித்துவிடும் என்று தைரியமாகச் சொல்வேன்.

மகாபலிபுரத்தைப் பற்றி: நல்ல இடம்தான், ஆனால் முழுநாள் வேலை, பாறையும் வெயிலும் நடையும். முழங்கால் வலியோடு வருகிறவருக்கு அதே ஈ.சி.ஆர் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா போதும். 1996-இல் திறந்தார்கள், செவ்வாய்க்கிழமை லீவு. தென்னிந்தியாவில் அங்கங்கே இடிக்க இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள், செட்டிநாட்டு வீடு, கேரளத்து மர வீடு என்று. நிழலும் திண்ணையும் நிறைய, நினைத்த இடத்தில் உட்காரலாம். இங்கே வேடிக்கை என்னவென்றால் வழிகாட்டி வேலை கைமாறிவிடும். அதுவரை நான்தான் இது மெட்ரோ, இது கார்டு, இங்கே தேய்க்கணும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு வீட்டுக்குள் திருகையும் நெல் கொட்டி வைக்கும் குதிரும் இருப்பதைப் பார்த்ததும் அம்மா பேச ஆரம்பித்தாள்: குதிருக்குள் நெல் எடுக்கச் சின்னப் பிள்ளையாக இருந்தவளைத்தான் இறக்கிவிடுவார்களாம், உள்ளே என்ன வாசனை அடிக்கும், எப்படி உடம்பு அரிக்கும் என்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் நின்று கேட்டார்கள். வெளியே வந்ததும், "ஏட்டி, நம்ம வீட்டுத் திருகையத் தூக்கிப் போட்டுட்டு இங்க டிக்கெட் எடுத்துல்லா பாக்கோம்" என்றாள்.

மெரினாவுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். சாலையிலிருந்து தண்ணீர் வரை மணலில் நடப்பது நமக்கே மூச்சு வாங்கும், அவருக்குச் சிரமம். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-இல் மரப்பாதை போட்டார்கள், வயதானவர்களும் போகலாம், கடலுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய்விடும். அந்த இல்லத்தையும் வெளியிலிருந்தாவது காட்டுங்கள், ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைக்கக் கட்டியது, அதனால்தான் அந்தப் பக்கத்துக்கே ஐஸ் ஹவுஸ் என்று பேர். 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கியிருக்கிறார். எம்.ஜி.ஆர் சமாதியில் கல்லில் காது வைத்தால் அவர் கைக்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை, உங்கள் அம்மாவும் கேள்விப்பட்டிருப்பார். என் அம்மா காது வைத்தாள், கேக்குது என்றாள். நானும் வைத்தேன். எனக்குக் கேட்டதா என்பதை எழுத மாட்டேன், வீட்டில் பிரச்சினை வரும்.

மயிலாப்பூர் இன்னொரு சாயங்காலம். கபாலீஸ்வரர், கற்பகாம்பாள், புன்னை மரம், பாம்பு கடித்து இறந்த பெண்ணைச் சம்பந்தர் பாடி எழுப்பினார் என்ற கதையோடு பூம்பாவை சன்னதி. தரிசனம் சீக்கிரம் முடிந்துவிடும், அதன் பிறகு மாட வீதிகளில்தான் அவருக்கு நேரம் போகும். பித்தளை விளக்கு, கோலமாவு, பூ, கீரை என்று ஒவ்வொன்றுக்கும் விலை கேட்பார், எதையும் வாங்காமல் "எங்க ஊர்ல இதுல பாதி" என்பார், அதைத் தடுக்காதீர்கள். வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மைக் கடைகள் போடுவார்கள், அந்தச் சமயம் என்றால் ஒரு சாயங்காலம் பத்தாது.

தி.நகர் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். வார நாளில் கடை திறக்கும் நேரத்துக்குப் போங்கள், சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை இருப்பதால் ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபடாமல் வரலாம். புடவைக் கடையில் அவர் பார்க்கும்போது நீங்கள் போனைப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் "ஒன்னும் பிடிக்கல, வா போலாம்" என்பார். கூட உட்கார்ந்து பாருங்கள்.

போகவர மாநகரப் பஸ்ஸே போதும். சாதாரணக் கட்டணப் பஸ்களில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, ஏசி, டீலக்ஸ் என்றால் உண்டு. ஊர் டவுன் பஸ் மாதிரியேதான் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு வந்த தெம்பு எந்தக் காரிலும் வரவில்லை.

பெரும்பாலும் விட்டுப்போவது ரூமும் ஆபீஸும்தான். நீங்கள் தினமும் ஏறும் பஸ் ஸ்டாப், மத்தியானம் சாப்பிடும் மெஸ், ஆபீஸ் வாசல், ராத்திரி லேட்டானால் நடந்து வரும் தெரு, இதெல்லாம் சுற்றுலா இல்லை என்று நமக்குத் தோன்றும். போனில் "சாப்பிட்டியா, ரூமுக்கு வந்துட்டியா" என்று கேட்கிறவருக்கு அந்தத் தெருவில் விளக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அம்மா என் மெஸ்ஸில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அதை நடத்துகிற அக்காவிடம் ரசத்தில் மிளகு பத்தவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள், அவரும் கோபிக்கவில்லை. முதல் நாள் காலையிலேயே இதை வைத்துவிடுங்கள், அதற்குப் பிறகு மற்ற இடங்களை நிம்மதியாகப் பார்ப்பார்.

எப்போது வரச் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் தை, மாசி. மே மாதம் வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழையும் வேண்டாம்.

கடைசியாக, ஊருக்குத் திரும்புவது பஸ்ஸில் என்றால் கோயம்பேடு என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். தென்மாவட்ட அரசுப் பஸ்கள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன, நகரத்திலிருந்து நல்ல தூரம், தாம்பரம் தாண்டி, சாயங்கால நெரிசலில் அங்கே போகிற ஜி.எஸ்.டி ரோட்டில் எவ்வளவு நேரம் நிற்போம் என்று யாராலும் சொல்ல முடியாது. தி.நகர்ப் பைகளோடு அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் டாக்சி போட்டுவிடுங்கள். எதுக்கு வீண் செலவு என்று சண்டை போடுவார், போடட்டும்.