மாடி ஷவரில் தண்ணீர் நூலாக விழுகிறது. காண்ட்ராக்டர் மீது வழக்கு போடலாமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் 18 லட்சத்துக்குப் பேசி மாடி எடுத்தோம். பிளம்பிங்கும் ஷவரும் காண்ட்ராக்டர் பொறுப்பு. டேங்கிலிருந்து ஒரு இன்ச் குழாய் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அரை இன்ச்தான் போட்டிருப்பதாக வேறொரு பிளம்பர் சொல்கிறார். "உங்க போர் தண்ணி உப்பு, அதான் அடைச்சிக்குது" என்கிறார் காண்ட்ராக்டர். பாக்கி 40,000 ரூபாய் கேட்டு நெருக்குகிறார். என்ன செய்வது?

பதில்: தாராளமாகப் போடலாம், அம்மா. கூலி பேசி வீடு கட்டித் தருவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவை. பேசிய அளவைக் குறைத்தால் அது சேவைக் குறைபாடு.

ஆனால் அவசரப்பட்டு டைல்ஸை உடைத்துவிடாதீர்கள். குழாயை மாற்றியபின் வழக்கு போட்டால் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. நம் ஊர் போர் தண்ணீரில் ஷவர் துளைகளில் வெள்ளையாக உப்பு படிவது உண்மை. அந்த வாதத்தை முதலில் சோதியுங்கள். டேங்க் நிறைந்திருக்கும்போது ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயில் 10 லிட்டர் பக்கெட் நிரம்பும் நேரத்தை வீடியோ எடுங்கள். சட்டென்று நிரம்பினால் கோளாறு ஷவர் தலையிலோ உயரத்திலோ இருக்கிறது. அப்போதும் மெதுவாகவே நிரம்பினால் கோளாறு குழாய் லைனில்தான்.

உயரத்தையும் அளந்து வையுங்கள். மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மட்டத்துக்கும் ஷவருக்கும் பத்தடி வித்தியாசம் இருந்தாலும் தண்ணீர் அழுத்தம் சுமார் 0.3 பார்தான் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). உங்கள் ஷவருக்கு எத்தனை பார் தேவை என்று அதன் பெட்டியிலோ கையேட்டிலோ பாருங்கள். தேவை அதிகமாக இருந்து, பிரஷர் பம்ப் வேண்டும் என்று சொல்லாமலே மாட்டியிருந்தால் அதுவும் அவர் குறைதான். ஷவரை நீங்களே வாங்கிக் கொடுத்திருந்தால் இந்த வாதம் பலவீனம்.

அடுத்து, 15 நாளில் சரிசெய்யக் கேட்டு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பாக்கியைப் பேசாமல் பிடித்து வைக்காதீர்கள். "லைனைச் சரிசெய்ததும் தரத் தயார்" என்று அதிலேயே எழுதுங்கள். பணம் தராமல் ஏமாற்றுவதாக அவர் சொல்ல முடியாது.

அசையவில்லையென்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். குறை தொடங்கியதிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே போடலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் 400 ரூபாய். மனுவோடு, பொறியாளருடன் வந்து குழாயைப் பார்த்து அறிக்கை தர ஒரு வழக்கறிஞர் ஆணையரை (ஆணையத்தின் சார்பில் நேரில் பார்வையிடும் வக்கீல்) நியமிக்கும்படி தனி மனுவும் கொடுங்கள். என் கணிப்பில் வழக்கின் உயிரே அந்த அறிக்கைதான். டைல்ஸை அந்த வழக்கறிஞர் ஆணையர் முன்னிலையில் உடைத்தால் போதும்.