பாகிஸ்தான் மக்களின் பண்பாடும் வாழ்க்கை முறையும் எப்படி இருக்கும்?

நான் பாகிஸ்தானுக்குப் போனதில்லை. ஆனால் ஷார்ஜாவில் வேலை பார்த்த 4 ஆண்டுகளும் பாகிஸ்தானியர் ஐந்து பேருடன் ஒரே அறையில் இருந்தேன். அவர்களோடு சமைத்துச் சாப்பிட்டுப் பழகியதிலிருந்து சொல்கிறேன்.

அங்கே 24 கோடிப் பேர் இருக்கிறார்கள். எல்லோரும் உருதுக்காரர்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். உருது தேசிய மொழிதான், ஆனால் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 100-க்கு 10 பேர்கூட இல்லை. எங்கள் அறையில் ஒருவருமே இல்லை. இருவர் பஞ்சாபிகள், ஒருவர் சிந்தி, ஒருவர் பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர், ஒருவர் பலுசிஸ்தானில் கலாத் ஊர்க்காரர். பள்ளியில் படித்த உருதுவை வைத்துத்தான் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தனித்தனித் தட்டு கிடையாது. தரையில் தஸ்தர்கான் என்ற விரிப்பைப் போட்டு, நடுவில் ஒரே பெரிய தட்டில் கறிக்குழம்பை வைப்பார்கள். தந்தூர் ரொட்டி சூடு ஆறாமல் துணியில் சுற்றியிருக்கும். ஒருவர் வர 10 மணி ஆனாலும் மற்றவர்கள் கை வைக்க மாட்டார்கள். அவர் உள்ளே நுழைந்ததும் பட்டாணியர், "ஸ்தடே மஷே" என்பார். 'சோர்ந்து போகாதே' என்று பொருள். பட்டாணியர் பேசும் பஷ்தோ மொழியில் இதுதான் வணக்கம். அவரை நாங்கள் எல்லோரும் லாலா என்போம், அவர்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பேச்சுக்கு நடுவே நல்ல கறித் துண்டுகளை லாலா விரலால் என் பக்கம் ஒதுக்கிவிடுவார். மூன்றாம் நாள்தான் கவனித்தேன், அவர் முன்னால் வெறும் எலும்பு இருந்தது. விருந்தாளி என்றால் பட்டாணியர்களுக்கு அப்படித்தான்.

சாப்பிட்டதும் தேநீர். பஞ்சாபிகளுக்குத் தூத் பத்தி, அதாவது தண்ணீர் சேர்க்காமல் பாலிலேயே தேயிலையைக் கொதிக்க வைப்பது. லாலாவுக்கு ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர், கஹ்வா.

கல்யாணம் பெரும்பாலும் சொந்தத்துக்குள்தான். நமக்கு அத்தை மகள், மாமன் மகள் முறை என்றால், அவர்களுக்குப் பெரியப்பா, சித்தப்பா மகளும் முறைதான். மெஹந்தி என்ற மருதாணி விழா, பராத் என்ற மாப்பிள்ளை ஊர்வலம், வலீமா என்ற மாப்பிள்ளை வீட்டு விருந்து என்று நாள்கணக்கில் நடக்கும். ஜஹேஜ் என்ற சீரும் உண்டு. பஞ்சாபிகளில் ஒருவர் தங்கையின் சீருக்காக 3 வருடம் ஊருக்கே போகாமல் உழைத்தார். அதைப் பார்க்க எனக்கு வேதனையாகத்தான் இருந்தது, நம் ஊரிலும் எத்தனை அண்ணன்களின் கதை இது!

சிந்திக்காரர் வியாழன் இரவானால் சேவான் தர்காவின் தமால் ஆட்டத்தைப் போனில் பார்ப்பார். லால் ஷாபாஸ் கலந்தர் என்ற சூஃபி ஞானியின் அந்தத் தர்காவுக்கு சிந்து மாகாணத்து இந்துக்களும் போவார்கள். நான் ஊர் திரும்பியபோது அவர் அஜ்ரக் என்ற நீலமும் சிவப்புமான அச்சுத் துணியை என் தோளில் போர்த்தினார். நம் பொன்னாடை மாதிரி அவர்கள் செய்யும் மரியாதை அது.

கலாத்காரரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவருடைய தாய்மொழி பிராகுயி, நம் திராவிடக் குடும்பத்து மொழி. ஒரு நாள் அம்மாவிடம் அவர் போனில் பேசும்போது 'பால்' என்று காதில் விழுந்தது. விசாரித்தால் பாலேதான்! அப்புறம் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டோம். கண்ணைத் தொட்டுக் காட்டினேன், தொண்டையிலிருந்து வரும் ககரத்தோடு 'கன்' என்றார். கல் அதேபோல் 'கல்'. நீ என்பதற்கு 'நீ'. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் உடனே அம்மாவைத் திரும்ப அழைத்து விஷயத்தைச் சொல்லி, போனை என் கையில் கொடுத்தார். அந்த அம்மா வெகுநேரம் பேசினார். எனக்கு அந்த 'நீ' மட்டும் ஒவ்வொரு முறையும் தெளிவாகக் கேட்டது.