நால்வருக்கும் கிடைக்காத 3,100 ரிங்கிட்

வணக்கம் தம்பி. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டம் ஒன்றில் ஐவரின் மாதச் சம்பளத்தை 1,750, 8,400, 1,700, 1,850, 1,800 என்று எழுதி, சராசரி 3,100, இடைநிலை 1,700, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சராசரி சரி: 15,500ஐ ஐந்தால் வகுத்திருக்கிறீர்கள். இடைநிலையில்தான் சறுக்கல். எழுதிய வரிசையிலேயே மூன்றாவதைப் பிடித்துவிட்டீர்கள். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள்: 1,700, 1,750, 1,800, 1,850, 8,400. நடுவில் நிற்பது 1,800. மலாய்ப் பாடநூலின் ‘மெடியன்’ இதுதான். ஆறு பேர் என்றால் நடுவிலுள்ள இரண்டைக் கூட்டிப் பாதியாக்குங்கள்.

அந்த 8,400 மேலாளருடையதுதானே? எங்கள் அப்பா தோட்ட மேலாளரைத் ‘துரை’ என்பார். பனைக் குலை வெட்டும் மற்ற நால்வரில் ஒருவர்கூட 3,100ஐக் கண்ணால் பார்ப்பதில்லை. துரையின் சம்பளத்தை 84,000 ஆக்கிப் பாருங்கள்: சராசரி 18,220க்குத் தாவும், இடைநிலை 1,800ஐ விட்டு அசையாது.

சராசரியைத் தூக்கி எறியவும் வேண்டாம். மாதச் சம்பளத்துக்கு மொத்தம் எவ்வளவு வேண்டும் என்று கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) கேட்டால் 3,100ஐ ஐந்தால் பெருக்கிச் சொல்லலாம். 1,800ஐப் பெருக்கினால் 6,500 ரிங்கிட் துண்டு விழும்.