கேள்வி – பதில்: 2147483647 பகா எண்ணா?

கேள்வி: 2147483647 ஒரு பகா எண் என்கிறார்கள். கணினி இல்லாத காலத்தில் இதை எப்படி உறுதி செய்தார்கள்? – கல்லூரி மாணவி, திருவல்லிக்கேணி, சென்னை.

பதில்: இரண்டை 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இந்த எண். இவ்வகைப் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பர். அடுக்கு (இங்கே 31) பகா எண்ணாக இருந்தாலே போதும் என்று எண்ணிவிடாதீர்கள். அடுக்கு 11 எனில் கிடைக்கும் 2047, 23-ஐ 89-ஆல் பெருக்கிய விடையே.

2147483647-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 46,341 என்பதால், அதுவரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே சில ஆயிரம். கணிதமேதை ஆய்லர் 1772-இல் இந்தச் சுமையைப் பெரிதும் குறைத்தார். இதற்குப் பகாக் காரணி ஏதேனும் இருந்தால், அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும், 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கையில் மீதி 1 அல்லது 63 தரும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும் என்றாகிறது. அவற்றுள் எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. (விடைத்தாளில் எழுதினால் அரைப் பக்கம்கூட வராத இந்த வாதம்தான் எனக்கு அந்த எண்ணைவிட அழகாகத் தெரிகிறது.)

2147483647-ஐ இரண்டின் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவெண் கிடைக்கும். அதாவது, தன்னை நீக்கிய தன் வகுத்திகளின் கூடுதலுக்குச் சமமான எண்.

குறியுடைய 32 பிட் முழு எண்ணின் (கூட்டல், கழித்தல் குறியையும் சேர்த்து 32 இரும இலக்கங்களில் கணினி சேமிக்கும் முழு எண்ணின்) உச்ச மதிப்பும் 2147483647-தான். ஆகவே, 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை அவ்வாறு எண்ணும் பழைய கணினிகளின் கணக்கு, நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8.44-க்கு நிரம்பிவிடும்.